காத்திருந்த நாய்கள்

சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தேன். பருத்தித்துறைச் சந்தையின் பின்புறமாகக் காலையில் நடந்து வரும்போது, சுவரோரம் கிடந்த உரப்பை ஒன்று அசைவதைக் கண்டு நின்றேன். உள்ளே, கண் திறந்து சில நாட்களே ஆகியிருக்கக்கூடிய நான்கு நாய்க்குட்டிகள். மீன் விற்றுக்கொண்டிருந்த அம்மா ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நாலும் பெட்டை, ஐயா. கடுவன் எண்டால் ஆராவது வளர்ப்பினம். பெட்டையெண்டால் சந்தைக்குத்தான் வரும்" என்றார்.

அன்று மாலை தேநீர்க் கடையில் வேறொரு பேச்சு. பெரியவர் ஒருவரின் பேரனைத் தெருநாய் கடித்துவிட்டதாம். பிள்ளையைக் கொண்டு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த களைப்பு அவர் முகத்தில் தெரிந்தது. "கட்டாக்காலி நாயள் எல்லாத்துக்கும் நஞ்சை வைச்சால் பிரச்சினை முடிஞ்சுது" என்றார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை. கடிபட்ட பிள்ளையின் பேரனாரிடம் நாய்களுக்காக வாதாடுவது எளிதன்று.

ஆனால் இந்த இரண்டு காட்சிகளும் மனதைவிட்டு அகலவில்லை. காலையில் பையிலே கட்டிச் சந்தையில் போட்டவரும், மாலையில் நஞ்சு வைக்கச் சொன்னவரும் ஒரே ஊரின் மக்கள். நாயோடு மனிதனுக்கு உள்ள உறவு என்ன, அதில் யார் யாருக்குக் கடன்பட்டவர் என்ற கேள்வி எழுந்தது. அக்கேள்வியின் வழியே சென்றதில் எழுந்ததே இக்கட்டுரை.

ஓநாயின் வழிவந்த விலங்கே நாய் என்பது இன்று ஐயத்துக்கு இடமில்லாத அறிவியல் உண்மை. மனிதன் பயிர்செய்யப் பழகுவதற்கும், ஆடு மாடுகளைப் பழக்குவதற்கும் முன்னரே நாய் அவனுடைய தீயருகே வந்துவிட்டது. ஜேர்மனியின் பொன் நகரை அடுத்த ஓபர்காசெல் என்ற இடத்தில் 1914ஆம் ஆண்டு கல்லுடைக்கும் தொழிலாளர்கள் ஒரு புதைகுழியைக் கண்டார்கள். ஓர் ஆண், ஒரு பெண், அவர்களோடு ஒரு நாய். ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முந்தியது அக்குழி. அந்த நாயின் பற்களை ஆராய்ந்தவர்கள் 2018ஆம் ஆண்டில் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். இறக்கும்போது அதற்கு வயது ஏழு மாதம். குட்டிப் பருவத்திலேயே கடும் நோய்வாய்ப்பட்டு, வாரக்கணக்கில் அதனோடு போராடியிருக்கிறது. யாராவது தண்ணீர் பருக்கி, சுத்தம் செய்து, சூடு கொடுத்துப் பராமரித்திராவிட்டால் அத்தனை நாள் அது உயிரோடு இருந்திருக்க முடியாது. நோயுற்ற குட்டியால் வேட்டைக்குப் பயனில்லை, காவலுக்கும் பயனில்லை. பயன் கருதாமலே அந்தக் கற்கால மனிதர்கள் அதைப் பேணியிருக்கிறார்கள். சந்தையில் கண்ட உரப்பையை நினைத்துக்கொண்டேன்.

நமது தீவின் கதைக்கு வருவோம். பாளி மொழியில் எழுந்த மகாவம்சத்தின் ஏழாம் அத்தியாயம் விசயனும் அவனுடைய தோழர்களும் இலங்கையில் கரையேறியதைச் சொல்கிறது. அது ஐதிகமா வரலாறா என்ற வாதத்துக்குள் நான் இறங்கவில்லை. அவர்கள் கரையிறங்கிய பின்னர் எதிர்ப்பட்ட உயிர்களுள் ஒன்று நாய் என்பதையே கவனிக்கச் சொல்கிறேன். அது பெட்டை நாய் வடிவெடுத்த ஓர் இயக்கி. விசயன் தடுத்தும் கேளாமல் அவனுடைய ஆட்களில் ஒருவன் அதன் பின்னாலே போகிறான். நாய் இருந்தால் பக்கத்தில் ஊர் இருக்கவேண்டும் என்பது அவன் போட்ட கணக்கு. போன இடத்தில் மரத்தடியில் குவேனி நூல் நூற்றுக்கொண்டிருக்கிறாள்.

பருத்தியின் பெயரைத் தாங்கிய துறையிலே பிறந்த எனக்கு, அந்த நூல் நூற்கும் பெண்ணின் மீது எப்போதும் ஒரு கண் உண்டு. ஆனால் இப்போது என் கவனம் அந்தப் பெயரில்லாத ஆளின் மீதே செல்கிறது. நாய் என்றால் ஊர். கண்காணா நிலத்தில் வந்து இறங்கியவனுக்கு அதைவிட நம்பிக்கையான அடையாளம் வேறு கிடைக்கவில்லை. அக்கதையை எழுதியவருக்கும் அதைக் கேட்டவர்களுக்கும் இந்தக் கணக்கு இயல்பாகவே பட்டிருக்கவேண்டும். அன்றே இத்தீவில் நாயும் ஊரும் பிரிக்கமுடியாதவையாக இருந்தன என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

தமிழ் மரபிலே நாயின் இடம் இருமுகமானது. ஞமலி, ஞாளி, சுணங்கன், குக்கல், சுவானம் என்று அதற்கு எத்தனையோ பெயர்களைத் தந்திருக்கிறோம். ஆயினும் ஒருவனை இழிவுபடுத்தவேண்டுமானால் முதலில் வாயில் வருவதும் நாய்தான். மணிவாசகர் இறைவன் முன் தம்மைத் தாழ்த்திக்கொள்ளத் தேர்ந்த சொல்லும் 'நாயேன்' என்பதே. நம்மூர்களில் மரணவீடுகளில் திருவாசகம் ஓதப்படும்போதெல்லாம் அச்சொல் காதில் விழுகிறது. மறுபுறம், சமண முனிவர்களின் நாலடியாரோ, யானையைப் போன்றவரின் நட்பை விடுத்து நாயைப் போன்றவரின் நட்பைக் கொள்ளச் சொல்கிறது. நெடுநாள் பழகிய பாகனையே யானை கொல்லும். எறிந்த வேல் உடம்பில் தைத்து நிற்கும்போதும் எறிந்தவனைக் கண்டு நாய் வாலாட்டும் என்பது அது காட்டும் காரணம்.

வழிபாட்டிலும் இதே முரண்தான். வைரவரின் வாகனம் நாய். யாழ்ப்பாணத்தில் வைரவர் கோயில் இல்லாத குறிச்சியைக் காண்பது அரிது. ஆலமரத்தடியில் ஒரு சூலம் மட்டும் நட்டு வழிபடும் இடங்களும் உண்டு. சிவன் கோயில்களில் இரவுப் பூசை முடிந்ததும் திறப்பை வைரவரிடம் ஒப்புவிப்பது மரபு. திருவிழா முடிந்தால் வைரவர் மடை. காவலின் கடவுள் அவர். ஆனால் அவருடைய வாகனம் உயிரோடு கோயில் வீதிக்குள் நுழைந்தால் கல்லெறிதான். 'நாயைக் கண்டால் கல்லைக் காணோம்' என்ற பழமொழி பிறந்த காரணம் எதுவாயினும், நாங்கள் அதற்குக் கற்பித்த பொருள் இதுதான்.

எல்லாக் காலத்திலும் இப்படி இருந்ததில்லை. தமிழ்நாட்டில் திருவண்ணாமலை மாவட்டத்தில் எடத்தனூர் என்றோர் ஊர் உண்டு. அங்கே ஒரு நடுகல் கிடைத்திருக்கிறது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது. எருமை மந்தையைக் காக்கும் சண்டையில் மாண்டுபோன கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக எடுத்த கல் அது. அந்தக் கல்லில் அவனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பெயரும் பொறித்திருக்கிறார்கள்: கோவிவன். இரண்டு கள்வரைக் கடித்துக் 'காத்திருந்தவாறு' என்று கல் பேசுகிறது.

அதைப் போன்றதே கர்நாடகத்தின் ஆதகூர்க் கல்லும். கி.பி. 949ஆம் ஆண்டளவில் தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் மாண்ட செய்தியைத் தருவதால் சோழர் வரலாற்றை எழுதுவோருக்கு அது இன்றியமையாத சாசனம். அதே கல்லில் இன்னொரு மரணமும் பதிவாகியிருக்கிறது. போரில் வீரம் காட்டிய மணலேரன் என்பவன் தனக்குப் பரிசாக வேண்டிப் பெற்றது காளி என்ற வேட்டைநாயை. அந்தக் காளி பெரியதொரு காட்டுப்பன்றியோடு பொருது, பன்றியும் தானுமாய் மடிந்தது. அதற்கு நினைவுக்கல் நாட்டி, அக்கல்லின் வழிபாட்டுக்கென நிலமும் விட்டார்கள். அரசகுமாரனின் சாவும் நாயின் சாவும் ஒரே கல்லில் நிற்கின்றன.

கோவிவனின் கல்லில் உள்ள 'காத்திருத்தல்' என்ற சொல்லை வாசகர்கள் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். அங்கே அதன் பொருள் காவல் செய்துகொண்டிருத்தல். இன்று நாம் அச்சொல்லை வருவாரை எதிர்பார்த்திருத்தல் என்ற பொருளில் வழங்குகிறோம். நாய் இரண்டையும் செய்யும். ஆள் இருக்கும்போது காக்கும். ஆள் போனபின் காத்திருக்கும். இரண்டாவது பொருளை நான் அறிந்துகொண்டது போரின் போதுதான். அதற்கு முன்னர் வெள்ளையர் காலத்தைக் கடந்து வரவேண்டும்.

தெருநாய் என்பதை ஒரு நிர்வாகப் பிரச்சினையாக ஆக்கியது பிரித்தானிய ஆட்சி எனலாம். யாருக்கும் சொந்தமில்லாத, ஆனால் ஊர் முழுவதும் சோறு போடும் நாய் என்ற ஏற்பாடு அவர்களுக்கு விளங்கவில்லை. பம்பாயில் நாயொன்றுக்கு இவ்வளவு பணம் என்று விலை வைத்துக் கொன்றார்கள். பணத்தின் மேல் கண்ணான நாய்பிடிகாரர்கள் வளர்ப்பு நாய்களையும் விட்டுவைக்கவில்லை. நாயைப் புனிதமாகப் போற்றும் பார்சி மக்கள் 1832ஆம் ஆண்டு வீதிக்கு இறங்கினார்கள். கடைகள் மூடப்பட்டன, கலகம் மூண்டது, இராணுவம் வந்தது.

இலங்கையிலே 1893ஆம் ஆண்டு விசர்நாய்க்கடி நோய்க் கட்டளைச் சட்டமும், 1901ஆம் ஆண்டு நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டமும் வந்தன. கழுத்தில் தகடு இருந்தால் வீட்டு நாய், இல்லாவிட்டால் கொல்லலாம். அச்சத்துக்குக் காரணம் இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். விசர்நாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லையென்றே சொல்லலாம். 1885ஆம் ஆண்டு யூலை 6ஆம் திகதி பாரிசில் லூயி பாஸ்டர் யோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாகத் தடுப்பூசி ஏற்றிய பின்னரே மனிதனுக்கு வழி பிறந்தது. தென்னிந்தியாவுக்கென 1907ஆம் ஆண்டு குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் எழுந்தது. ஆட்டின் மூளையிலிருந்து செய்த மருந்தை வயிற்றில் நாள் தவறாமல் ஏற்றிய அந்தக் காலத்து ஊசியை, 'தொப்புளைச் சுற்றிப் பதினாலு' என்று சொல்லி எங்களைப் பயமுறுத்தாத பெரியவர்கள் வடமராட்சியில் இருந்ததில்லை.

இனி நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டு நாயின் பெயர் வீமன். பெயருக்கும் உடம்புக்கும் தொடர்பில்லை. 1987ஆம் ஆண்டு மே 26ஆம் திகதி வடமராட்சியில் 'ஒப்பரேசன் லிபரேசன்' தொடங்கியபோது எனக்கு வயது 14. குண்டுச் சத்தம் நெருங்கியதும் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினோம். வீமன் ஒழுங்கை முடிவு வரை கூட வந்தது. அப்பா திரும்பிக் கல்லை எடுத்தார். அது நின்றது. எறிந்தாரா, ஓங்கினாரா என்று நான் பார்க்கவில்லை. சனம் நெருக்கியடித்துக் கிடந்த கோயில் மண்டபத்தில் நாய்க்கு இடமில்லை என்பது அவருக்குத் தெரியும். திரும்பிப் போனபோது படலையடியில் வீமன் நின்றது. விலா எலும்பெல்லாம் தெரிந்தது. அப்பாவைக் கண்டதும் வாலை ஆட்டியது. நாலடியாரைப் பின்னாளில் பல்கலைக்கழகத்தில் படித்தபோது எனக்கு உரையாசிரியர் தேவைப்படவில்லை.

அதற்குப் பின் வந்த ஆண்டுகளில், மாறி மாறி வந்த படைகளின் காலத்தில், இரவுகளை நாங்கள் நாய்களின் குரைப்பைக் கொண்டே அளந்தோம். தூரத்து ஒழுங்கையில் ஒரு நாய் குரைக்கும். பிறகு அதற்கு இப்பால் ஒன்று. பிறகு எங்கள் பக்கம். விளக்கைத் தணித்துவிட்டு அம்மா, "வாறாங்கள்" என்பார். வருபவர் யார் என்பது நாய்க்குப் பொருட்டல்ல. இரவிலே ஒழுங்கையால் நடப்பவன் எவனாயினும் அதற்கு அவன் அந்நியன். அந்த நேர்மைக்காகவே பல நாய்கள் சூடுபட்டுச் செத்தன.

பிறகு வந்தது 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30. அன்றிரவு வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தது. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம் மழையில் நனைந்தபடி தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் வந்து சேர்ந்தார்கள். உரும்பிராயில் இருந்த அம்மாவின் சித்தப்பா, வல்லைவெளி தாண்டித் துவிச்சக்கர வண்டியை உருட்டிக்கொண்டு பருத்தித்துறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். வீட்டை விட்டதைப் பற்றி அவர் பேசவில்லை. தோட்டத்தைப் பற்றியும் பேசவில்லை. வந்த அன்றிரவு திண்ணையில் இருந்தவர் திடீரென்று நிமிர்ந்து, "நான் சங்கிலியைக் கழட்டி விட்டனானோ?" என்று கேட்டார்.

அவருடைய நாய் குசினிக்குப் பின்னால் தூணில் கட்டியிருக்கும். புறப்பட்ட அவசரத்தில் அவிழ்த்துவிட்டோமா என்பது அவருக்கு நினைவில்லை. ஏழு மாதங்கள் எங்களோடு இருந்தார். எத்தனை முறை அந்தக் கேள்வியைக் கேட்டார் என்பதற்குக் கணக்கில்லை. சில வேளை எங்களிடம். சில வேளை தனக்குத்தானே. "கழட்டித்தான் இருப்பியள், சித்தப்பா" என்று அம்மா ஒவ்வொரு முறையும் சொல்வார்.

1996ஆம் ஆண்டு மே மாத முடிவில் சனம் வலிகாமத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது அவரோடு நானும் போனேன். வழியெல்லாம் புல் மூடிய முற்றங்கள், கூரையில்லாத வீடுகள். ஆங்காங்கே நாய்கள். எங்களைக் கண்டு அவை குரைக்கவில்லை. ஒதுங்கி நின்று பார்த்தன. விசயனின் ஆள் போட்ட கணக்கு அங்கே பொய்த்துக் கிடந்தது. நாய் இருந்தது, ஊர் இருக்கவில்லை. சித்தப்பா வீட்டுக்குள் போகாமல் நேரே பின்பக்கம் போனார். தூணில் சங்கிலி தொங்கியது. முனைக் கொளுக்கி திறந்திருந்தது. துருப்பிடித்த அந்தக் கொளுக்கியைக் கையிலெடுத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "கழட்டித்தான் விட்டிருக்கிறன்" என்றார். நாயைக் காணவில்லை. அதற்குப் பின் அவர் அதைப் பற்றிப் பேசியதும் இல்லை.

மகாபாரதத்தின் இறுதியில் தருமன் நாயை விட்டுவிட்டுச் சுவர்க்கம் புக மறுக்கிறான். இந்திரனே தேரோடு வந்து அழைத்தும் அசையவில்லை. அடைக்கலம் என்று வந்ததைக் கைவிடுவது பாவம் என்கிறான். சிறுவயதில் அதை நீதிக்கதையாகக் கேட்டேன். இப்போது எனக்கு அது வேறு விதமாகப் படுகிறது. தருமனுக்கு நின்று வாதிட நேரம் இருந்தது. எங்கள் ஆட்களுக்கு அது கிடைக்கவில்லை. நாயைக் கைவிட்டவர்கள் எல்லோரும் இரக்கமற்றவர்கள் அல்லர். பலர் அதை ஒரு கடனாகச் சுமந்தே வாழ்ந்தார்கள்.

யப்பானில் இறந்துபோன எசமானுக்காகத் தோக்கியோவின் சிபுயா புகையிரத நிலையத்தில் 1925 முதல் 1935இல் தான் சாகும்வரை காத்திருந்த ஹச்சிகோ என்ற நாய்க்கு, அது உயிரோடு இருக்கும்போதே, 1934இல், சிலை எழுப்பினார்கள். வலிகாமத்தில் படலைக்குப் படலை காத்திருந்தவற்றுக்குச் சிலை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இடம்பெயர்ந்த மனிதர்களுக்கே நினைவுக்கல் நாட்டி முடியாத மண் இது. ஆனால் இன்று தெருவில் திரிபவற்றுள் கைவிடப்பட்ட அந்த நாய்களின் வழிவந்தவையும் உண்டு என்பதை மறந்துவிடக்கூடாது. கட்டாக்காலி என்ற பெயரை அவை தாமாகச் சூட்டிக்கொள்ளவில்லை.

தேநீர்க் கடைப் பெரியவருக்கு நான் அன்று சொல்லத் தவறிய விடையை இப்போது சொல்லிவிடுகிறேன். இலங்கையில் 1973ஆம் ஆண்டில் மட்டும் விசர்நாய்க்கடி நோயால் இறந்தவர்கள் 377 பேர். அண்மைய ஆண்டுகளில் அத்தொகை ஏறத்தாழ 20 முதல் 30 வரையாகக் குறைந்திருக்கிறது. கடிபட்டவர்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கிடைக்கும் மருந்தும், நாய்களுக்கு ஏற்றப்படும் தடுப்பூசியுமே இதைச் சாதித்தன. நாய்களைக் கொல்வதில்லை என்று 2006ஆம் ஆண்டு அரசு கொள்கை வகுத்த பின்னரும் மரணங்கள் பெருகவில்லை, குறைந்தே வந்தன. காரணம் எளிது. ஒரு தெருவின் நாய்களைக் கொன்றால் அந்த இடத்துக்கு அடுத்த தெருவின் நாய்கள் வரும். ஊசி போட்டவையும் சேர்ந்து செத்திருக்கும். நூற்றுக்கு 70 நாய்களுக்கு ஊசி போட்டாலே நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கூடவே பெட்டை நாய்களுக்குக் கருத்தடையும் செய்யவேண்டும். நஞ்சைவிட இது மெதுவான வழி. ஆனால் முடிவு தரும் வழி. அவருடைய பேரனுக்கு இனியும் கடி விழாதிருக்க வேண்டுமானால் தொடங்கவேண்டிய இடம், சந்தைச் சுவரோரம் கிடக்கும் அந்த உரப்பைதான்.

ஊரைவிட்டுப் புறப்பட்ட அன்று மீண்டும் சந்தைப் பக்கம் போனேன். மீன்கார அம்மாவின் மேசைக்குக் கீழே, பெட்டி ஒன்றுக்குள் பழைய சாக்கின் மேல் மூன்று குட்டிகள் கிடந்தன. "ஒண்டை ஒரு பிள்ளை கொண்டு போட்டுது. மற்றதுகளுக்கு இங்கை தலை கழிவெல்லாம் இருக்குத்தானே" என்றார். ஊசி போடும் நாளை விசாரித்து அவருக்குச் சொல்லிவிட்டு, நெல்லியடி வழியாகப் போகும் பேருந்தில் ஏறினேன்.